கொக்குத் திட்டு மணியும் கசிந்த சுக்கானும்

“முதல்ல மணியைக் கொண்டுவந்து காட்டுங்க தம்பி. உங்க பூட்டனார் நல்லவரா கெட்டவரான்னு அப்புறம் பேசுவோம்.”

தேரிமுனை ஊர்க் கமிட்டித் தலைவர் வியாகுலம் இப்படிச் சொன்னபோது செய்யது நைனா கோபப்படவில்லை. கையிலிருந்த பழைய நோட்டை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, “சரிங்க, கொண்டு வாரேன்” என்று மட்டும் சொன்னான். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டெல்பினுக்குச் சிரிப்பு வரவில்லை.

கதை ஊருக்கே தெரிந்ததுதான். எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, தேரிமுனை சவேரியார் கோயிலுக்காகக் கொழும்பிலிருந்து ஒரு வெண்கல மணி தோணியில் ஏறியது. தோணியை நடத்தி வந்த தண்டல், கீழக்கரை உதுமான். நடுக்கடலில் புயல் பிடித்துக்கொண்டது. ஆளைக் காப்பாற்றப் பாரத்தைக் குறைக்க வேண்டியிருந்ததால், மணியைக் கொக்குத் திட்டு என்ற மணல்மேட்டின் ஓரமாக இறக்கிவிட்டேன் என்றார் உதுமான். தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அன்றிலிருந்து தேரிமுனையில் அவருக்கு ஒரே பெயர்தான்: ‘மணியை வித்துத் தின்ன உதுமான்.’

அவருடைய கொள்ளுப்பேரன்தான் நைனா. வயது இருபத்தாறு, சங்கு குளிப்பது தொழில். வீட்டுப் பரணில் கிடந்த தகரப் பெட்டியில் உதுமானின் நோட்டு அகப்பட்டிருந்தது. மணி எந்தப் பாறையின் எந்தப் பக்கம் இறங்கியது, அங்கிருந்து பார்த்தால் கரையில் எது எதற்கு நேராகத் தெரியும் என்பதெல்லாம் அதில் கோணல் எழுத்தில் இருந்தன.

அன்று மாலையே டெல்பின் தன் அண்ணன் ரெமிஜியுஸிடம் போய் நின்றாள். “அண்ணே, நம்ம போட்ல அவரைக் கூட்டிட்டுப் போவோம்.”

ரெமிஜியுஸிடம் ‘ஸ்டெல்லா’ இருந்தது. இருபத்தெட்டு அடி நீளப் பாய்மரப் படகு. எந்தத் துறைமுகத்திலோ கேட்பாரற்றுக் கிடந்ததை வாங்கி இரண்டு வருஷமாகச் சரிசெய்திருந்தான். பாய் வேலை அவனுடையது. இயந்திர வேலை டெல்பினுடையது. அவள் தூத்துக்குடியில் ஒரு பம்பு செட்டுப் பட்டறையில் மெக்கானிக்.

கொக்குத் திட்டு மே மாத அமாவாசைக் கடல்வற்றத்தில்தான் தலைகாட்டும். அதுவும் ஒன்றரை மணி நேரம். அந்த நாளை விட்டால் அடுத்த வருஷம்தான்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் டெல்பின் படகின் பின்பக்க அறைக்குள் தவழ்ந்துபோய்ப் பார்த்தாள். படகைத் திருப்பும் சுக்கானின் தண்டு அடித்தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் இடம் அது. தண்டைச் சுற்றிக் கடல்நீர் ஏறாமல் இருக்க, கிரீஸ் ஊறிய கயிற்று வளையங்களை அடைத்து, மேலே ஒரு மூடியை வைத்து இரண்டு போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். பட்டறையில் ‘கிளாண்ட் பேக்கிங்’ என்பார்கள். அதன் கீழே விரல் அகலத்துக்கு ஈரம் இருந்தது. பழைய வளையங்களை எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். புதியது வாங்கத் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். அமாவாசை போய்விடும். அவள் போல்ட்டை அரைச் சுற்று இறுக்கிவிட்டு வெளியே வந்தாள்.

“எல்லாம் சரியா?” என்று ரெமிஜியுஸ் கேட்டான்.

“சரிதான்” என்றாள்.

விடியும் நேரத்தில் ஸ்டெல்லா தேரிமுனையை விட்டு நீங்கியது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கடலில் ஒரு விசைப்படகுகூட இல்லை. சோழகக் காற்று தெற்கிலிருந்து சீராக வீசியது. பாய் புடைத்துக்கொள்ள, படகு கிழக்கே பாய்ந்தது. நைனா முன்பக்கம் உட்கார்ந்து நோட்டையும் கரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பையில் சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. திரும்பி வந்து ஊரில் இறங்கும்போது கட்டிக்கொள்வதற்காம்.

“மணி கிடைக்கும்னு அவ்வளவு நம்பிக்கையா?” என்று டெல்பின் கேட்டாள்.

“கிடைக்காட்டியும் கட்டிக்குவேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு எறங்கக்கூடாதுல்ல.”

பத்து மணிக்குத் திட்டு தெரிந்தது. ஒரு பனைமர நீளத்துக்கு வெளுத்த மணல், அதன் வடக்கு முனையில் எருமை முதுகு போல ஒரு பாறை. நங்கூரத்தைப் போட்ட மறுநிமிஷம் நைனா தண்ணீரில் பாய்ந்தான். பாறையின் கிழக்கே மூழ்கினான், எழுந்தான், மறுபடி மூழ்கினான். அரை மணி நேரம் போனது. திட்டைச் சுற்றி நீர் ஏறத் தொடங்கியது. இன்னும் ஒரு முறை மூழ்கியவன் எழுந்தபோது அவன் உள்ளங்கையில் பச்சைக் களிம்பு ஒட்டியிருந்தது.

“பாறைக்கு அடியில, பொந்துக்குள்ள சொருகி வச்சிருக்காரு” என்றான். “அலை இழுத்துட்டுப் போயிடக்கூடாதுன்னு சங்கிலியால கட்டியிருக்காரு. போட்டுட்டுப் போகல. பத்திரமா வச்சுட்டுப் போயிருக்காரு.”

துருவேறிய சங்கிலியை உடைத்து ஒரு துண்டைப் படகில் எடுத்து வைத்துக்கொண்டு, மணியின் கழுத்தில் இரண்டு காலி நீல டிரம்களைக் கட்டினார்கள். ஏறிவந்த கடலே அதைத் தூக்கிக் கொடுத்தது. பாய்மரத்துக் கப்பியில் கயிற்றை மாட்டி மூவரும் சேர்ந்து இழுத்துப் படகுக்குள் இறக்கினார்கள். எழுபது கிலோவாவது இருக்கும். வசதியாக இருந்தது பின்பக்கம்தான்; அங்கேயே வைத்துக் கட்டினார்கள். டெல்பின் தேங்காய் நாரால் தேய்த்தபோது ‘தேரிமுனை’ என்ற எழுத்து மெல்ல வெளியே வந்தது. நைனா அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் பாட்டும் சிரிப்புமாகப் போனது. தண்ணீர் குடிக்க உள்ளே இறங்கிய டெல்பினின் பாதம் சில்லிட்டது. தரைப் பலகையைத் தூக்கினாள். அடியில் கறுப்பாகத் தண்ணீர் அலைந்துகொண்டிருந்தது. பேட்டரி முக்கால்வாசி மூழ்கிக் கிடந்தது. தண்ணீரை வெளியேற்றும் மின்மோட்டாரின் பட்டனை அழுத்தினாள்; சத்தமில்லை. மேலே ரெமிஜியுஸ் என்ஜின் சாவியைத் திருப்பினான். ‘டிக்’ என்றது, அவ்வளவுதான். செல்போனில் சிக்னல் இல்லை.

டார்ச்சைக் கடித்துக்கொண்டு பின்னறைக்குள் தவழ்ந்தாள். மணியின் பாரத்தால் படகின் பின்பக்கம் தாழ்ந்துபோயிருந்தது. சுக்கான் தண்டைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுப் போலக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மூடியை இறுக்கினாள். போல்ட் கடைசிவரை போயும் நீர் நிற்கவில்லை. உள்ளே இறுக்குவதற்கு வளையமே மிச்சமில்லை.

வெளியே வந்து இருவரிடமும் சொன்னாள். பிறகு, “ரெண்டு நாளைக்கு முன்னாலேயே ஈரத்தப் பாத்தேன். சொன்னா பயணம் நின்னுரும்னு மறைச்சுட்டேன்” என்றாள்.

ரெமிஜியுஸ் அவளையே பார்த்தான். “ஏட்டி, கரையில வச்சு உன்னத் திட்டுதேன். இப்போ மணியத் தூக்கிப் போட்டாத்தான் பின்பக்கம் நிமிரும்.”

டெல்பின் நைனாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். அவன்தான் முதலில் எழுந்து மணியின் கட்டை அவிழ்க்கப் போனான்.

“உங்க அண்ணன் சொல்றது சரிதான். மூணு உயிருக்கு முன்னால மணி பெருசில்ல. எங்க பூட்டனாரும் இதத்தான் செஞ்சாரு.”

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்ன விதம்தான் அவளை உலுக்கியது. பட்டறையில் பழைய பம்பைச் சாய்த்து வைத்துத் தண்ணீரை வடிப்பது சட்டென்று நினைவுக்கு வந்தது.

“போட வேண்டாம். முன்னால கொண்டு போங்க” என்றாள். “மணி, குடிதண்ணி டிரம், நங்கூரச் சங்கிலி, எல்லாத்தையும் மூக்குல கொண்டு போய் வைங்க. முன்பக்கம் தாழ்ந்தா பின்பக்கம் தூக்கும். தண்டு வார துளை தண்ணிக்கு மேல வந்துட்டா நான் புது பேக்கிங் போட்டுருவேன். இந்தப் பாரம் நமக்கு வேணும்.”

ரெமிஜியுஸ் வடக்கே கையைக் காட்டினான். அரைக் கடல்மைலில் ஆமைப் பாரின் மேல் அலை உடைந்து வெள்ளையாகத் தெரிந்தது. பாறை மேடு. சுக்கானைத் தொடாமல் படகை மிதக்கவிட்டால் காற்று நேரே அங்கேதான் தள்ளும். “அரை மணி நேரம். அதுக்குள்ள முடியுமா?”

“முடியலன்னா நானே மணியத் தள்ளிவிடுதேன்.”

ரெமிஜியுஸ் முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டினான். படகு ஓட்டம் தணிந்து அசைந்தபடி நின்றது. ஆண்கள் இருவரும் மணியைக் கேஸ் சிலிண்டர் போல விளிம்பில் நிறுத்தி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, அலைக்கு அலை ஒரு சாண் என்று முன்னே உருட்டினார்கள். குடிதண்ணீர் டிரம்களும் முன்னே போயின. சங்கிலி போனது. ஸ்டெல்லா மெல்ல மூக்கைத் தாழ்த்தியது.

பேக்கிங்குக்குப் பருத்திக் கயிறு வேண்டும். படகில் இருந்ததெல்லாம் நைலான். தண்டில் உராய்ந்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். டெல்பின் சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்வை அந்தப் பையில் நின்றது.

நைனா அவள் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. வேட்டியை உதறிப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தான். “நயம் பருத்தி. கரை வேணாம்ல?”

“கரைய நீங்களே வச்சுக்கோங்க.”

மூன்று மூன்று கீற்றாக முறுக்கி, பாய்க்கயிற்று உருளைக்கு வைத்திருந்த கிரீஸ் டப்பாவில் முக்கி எடுத்துக்கொண்டு டெல்பின் மறுபடி உள்ளே போனாள். மூடியைக் கழற்றினாள். நைனாவின் தூண்டில் முள்ளை நிமிர்த்தி, மக்கிப்போன பழைய வளையங்களைக் கிளறி எடுத்தாள். கடைசித் துண்டு வந்ததும் ஓர் அலையில் படகின் முன்பக்கம் எழும்ப, பின்பக்கம் தாழ்ந்தது. தண்ணீர் குபீரென்று அவள் முகத்தில் அடித்தது. உள்ளங்கையால் துளையைப் பொத்தினாள். கையிலிருந்த ஸ்பேனர் நழுவி இருட்டு நீரில் விழுந்தது.

“நைனாண்ணே” என்று கத்தினாள். “அலை வரும்போது சொல்லுங்க.”

படகின் மூக்கில் மணியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த நைனா குரல் கொடுத்தான். “வருது.” அவள் பொத்திக்கொண்டாள். “போயிருச்சு.” அவள் ஒரு வளையத்தைத் தண்டில் சுற்றி, முனைகள் சாய்வாகப் பொருந்தும்படி அறுத்து, கரண்டிக் காம்பால் உள்ளே அமுக்கினாள். “வருது.” பொத்தினாள். “போயிருச்சு.” இரண்டாவது வளையம். இதன் இணைப்பு முதல் இணைப்புக்கு எதிர்ப்பக்கம் வர வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று வந்தால் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். மூன்றாவது. நான்காவது. முழங்கை தோலுரிந்து எரிந்தது. எங்கோ வெளியே ரெமிஜியுஸ் தண்ணீர் இறைக்கும் கைப்பம்பை ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தான். பம்புச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு இரைச்சல் கேட்டது. ஆமைப் பார்.

மூடியை வைத்தாள். ஸ்பேனரைத் துழாவினாள். இல்லை. தலையையே நீருக்குள் விட்டுத் துழாவி எடுத்தாள். இடது போல்ட்டில் அரைச் சுற்று, வலது போல்ட்டில் அரைச் சுற்று. அவசரப்பட்டு ஒரு பக்கமாக இறுக்கினால் மூடி கோணிவிடும். மறுபடி அரை, மறுபடி அரை. கொப்பளிப்பு கசிவாயிற்று, கசிவு சொட்டாயிற்று.

“சுக்கானத் திருப்பிப் பாருண்ணே.”

“அசையலட்டி. பிடிச்சுக்கிட்டு நிக்கி.”

கால் சுற்றுத் தளர்த்தினாள். தண்டு முனகிக்கொண்டு திரும்பியது. ஒரு சொட்டு விழுந்தது. பத்து எண்ணினாள், அப்புறம்தான் அடுத்த சொட்டு. பட்டறையில் இப்படிச் சொட்டும் பம்பை நல்ல பம்பு என்றுதான் அனுப்பிவைப்பார்கள்.

“போ” என்று கத்தினாள்.

ரெமிஜியுஸ் முன்பாயை அவிழ்த்துவிட்டான். பாய் படபடத்து, காற்றை வாங்கி, புடைத்தது. மூக்குக் கனத்த ஸ்டெல்லா ஒரு கணம் தயங்கிவிட்டுத் திரும்பியது. டெல்பின் தவழ்ந்து வெளியே வந்து பார்த்தபோது, பாறைகளின் மேல் வழிந்த நுரை கல்லெறியும் தூரத்தில் இருந்தது. அந்த வெள்ளை நன்றாகப் பின்னால் போன பிறகு நைனா முன்னாலிருந்து கேட்டான்: “நான் இனி எந்திரிக்கலாமா, இல்ல நானும் பாரந்தானா?”

ரெமிஜியுஸ்தான் முதலில் சிரித்தான்.

நாலு மணிக்குத் தேரிமுனைக் கடற்கரையில் ஊரே கூடிவிட்டது. கிரீஸ் அப்பிய அரைக்கால் சட்டையோடு இறங்கிய நைனாவை வியாகுலம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மணியைப் பார்த்தார். ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். நைனா சங்கிலித் துண்டை அவர் கையில் கொடுத்து, அது எப்படிக் கட்டியிருந்தது என்று சொன்னான். வியாகுலம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“எங்க அப்பா உங்க பூட்டனாரைக் கேக்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டாவ. நானும் சிரிச்சிருக்கேன். ஊருக்காக மன்னிக்கணும் தம்பி.”

எல்லாரும் டெல்பினைத் தூக்கிவைத்துப் பேசினார்கள். அவள் அதைப் பாதியிலேயே நிறுத்தினாள். “கசிவு சின்னதா இருந்தப்பவே நான் வாயத் தொறந்திருந்தா, இவ்வளவு சாகசமே தேவைப்பட்டிருக்காது” என்றாள். ரெமிஜியுஸ் திட்டுவதாகச் சொல்லியிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டபின் தலையில் ஒரு தட்டுத் தட்டியதோடு விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மணியைக் கூண்டில் ஏற்றினார்கள். முதலில் கயிற்றை இழுக்க நைனாவைக் கூப்பிட்டார்கள். இழுப்பதற்கு முன் அவன் கீழக்கரையில் இருந்த தன் உம்மாவுக்குப் போன் போட்டு, போனை டெல்பினிடம் நீட்டி மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னான். உப்பில் ஊறிக் கொஞ்சம் கரகரத்த குரலில் மணி ஏழு முறை அடித்தது. புறாக்கள் கலைந்து பறந்தன.

டெல்பின் போனைக் காதில் வைத்தாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“கேட்டுச்சாம்மா?”

“கேட்டுச்சும்மா” என்றது அந்தக் குரல். “அங்கிட்டு அவன் சாப்பிட்டானா?”