நின்ற படத்தில் நடப்பவன்

படம் நின்றால் அதற்குள் இருப்பதெல்லாம் நிற்க வேண்டும், அதுதானே முறை? ஃபாஜிலின் உதடு பாதிச் சொல்லில் நின்றது. அவன் தலைக்கு மேல் சுற்றிய ஃபேன் நின்றது. பின்னால் இரும்புக் கட்டிலில் குவிந்து கிடந்த கம்பளி மட்டும், உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல மெல்ல ஏறி இறங்கியது.

சுமையா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை நண்பகல். அய்யம்பேட்டையில் அந்தத் தெரு ஆண்கள் எல்லாரும் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார்கள். கொல்லைக்குப் பின்னால் வயலில் அறுவடை எந்திரம் ஓய்ந்திருந்தது. புது வைக்கோலின் பச்சை வாசனை ஜன்னல் வழியாக வந்து, சூடேறிய கம்ப்யூட்டரின் தூசி நாற்றத்தோடு கலந்து தொண்டையைக் கரித்தது. தூளியில் ஷிஃபா தூங்கினாள். இரண்டு வயதாகப் போகிறது, பெற்ற தகப்பனை அந்தப் பிள்ளை இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. அதற்காகத்தான் ஷார்ஜாவில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் ஃபாஜில், தன் அறையில் உட்கார்ந்து மகளோடு பேசுவதுபோல் படம் எடுத்து, சிடியில் போட்டு, ஊருக்கு வந்த அப்துல் மஜீதிடம் சோப்புக்கட்டிகளோடு கொடுத்தனுப்பியிருந்தான். அடுத்த மாதம் அவனே வருகிறான், டிக்கெட் போட்டாயிற்று. அந்த ஒரு மாதத்தைத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிக்கொண்டிருந்தாள்.

சிடியோ திக்கித் திக்கி ஓடியது. யாரோ புழங்கிக் கழித்த கம்ப்யூட்டர், வேறென்ன செய்யும்! வழி சொல்ல ஃபாஜிலே போனில் இருந்தான், அதே அறையிலிருந்து.

"சிடியை வெளிய எடுத்துத் துடைச்சுப் போடு புள்ள. நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் துடைக்கணும். வட்டமா தேய்க்காத."

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, துப்பட்டா நுனியால் துடைத்துப் போட்டாள். "ஷிஃபா குட்டி, அத்தா பேசுறேன்..." என்றான் படத்தில். மறுபடி நின்றது. கம்பளி சரிந்தது. இரண்டு வெறுங்கால்கள் கட்டிலிலிருந்து இறங்கித் தரையைத் தொட்டன.

"மச்சான், உங்க ரூம்ல யாரு படுத்திருக்கா?"

படம் ஓடத் தொடங்கிய பிறகுதான் குரலும் வந்தது. "யாரும் இல்லையே. அந்தக் கட்டில் ஆறு மாசமா காலி."

"படத்துல ஒருத்தன் எந்திரிக்கிறான்."

"ஸ்டூல்ல கேமராவை வச்சு நான் தனியா எடுத்தது. வெயில்ல உனக்குக் கிறுகிறுத்துப் போச்சு. மோரைக் குடி." சிரித்தான். சிரிப்பு பாதியில் அறுந்தது. படமும் நின்றிருந்தது.

கட்டம்போட்ட கைலி கட்டிய ஒருவன் எழுந்து நின்றான். மேலே சட்டையில்லை. கையில் கறி வெட்டும் கத்தி. அவன் ஃபாஜிலைப் பார்க்கவே இல்லை. கேமராவைப் பார்த்தபடி ஓர் அடி எடுத்து வைத்தான்.

சுமையா ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. கொல்லையில் வந்த பாம்பை விளக்குமாற்றாலேயே அடித்துப் போட்டவள். ஆனால் இப்போது அவள் எட்டித் தூளியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

படம் நகர்ந்ததும் ஃபாஜில் அறுந்த சிரிப்பை முடித்துவிட்டுப் பேசினான். "சிடியிலேர்ந்து ஓட்டாத. மூடிட்டு, படத்தை அப்படியே ஹார்ட் டிஸ்க்குல காப்பி பண்ணிக்க. பிறகு பாரு..."

மூடினாள். காப்பி போட்டாள். திரையில் பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது.

"மச்சான்?"

போன் துண்டிக்கப்படவில்லை. உள்ளே ஃபேன் சத்தம்கூட இல்லை. வெறுங்கால் தரையில் பதியும் சத்தம் மட்டும். ஒன்று. அப்புறம் ஒன்று. கோடு பாதி தாண்டியிருந்தது. இன்னும் ஒன்று. "யா அல்லா, சீக்கிரம்," என்று அவள் மவுஸைப் பிசைந்தாள். காப்பி முடிந்ததும் படத்தைத் திறந்தாள்.

"...தண்ணி மாதிரி ஓடும்," என்றான் ஃபாஜில் போனில். நடுவில் நேரம் போனதே அவனுக்குத் தெரியவில்லை.

அவன் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டி நின்றிருந்தான் அந்த ஆள். படம் லேசாகத் திக்கியது. ஒரு கணம்தான். கத்தி முனை கழுத்தில் பட்டு ஒரு பொட்டு ரத்தம் பூத்தது.

"ஸ்ஸ்..." என்றான் போனில். "ஷேவ் பண்ணுன இடம் எரியுது."

அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது. படம் நின்றால் அவர் நிற்கிறார். அவன் நடக்கிறான்.

"இன்னும் திக்குது மச்சான்! சொல்லுங்க, என்ன பண்ணணும்!"

"கீழ மூலையில வைரஸ் பாக்குற பெட்டி இருக்கும், அதை நிறுத்து. எதுக்குப் புள்ள அழுவுற?"

நிறுத்தினாள். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. உதடு அசைந்தது, ஃபேன் சுற்றியது, கத்திக்காரன் கல்லாக நின்றான். நீட்டிய கத்தி நீட்டியபடி. உயிர் திரும்பி வந்ததுபோல் சுமையா மூச்சு விட்டாள்.

பிறகு, படம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று திரைக்கடியில் காட்டும் கோட்டைப் பார்த்தாள். படம் முடியப் போகிறது.

"மச்சான், ரூமை விட்டு வெளிய ஓடுங்க! கேள்வி கேக்காதீங்க! ஓடுங்க!"

"சரி, சரி. அழாத. இதோ கதவைத் தொற..."

படத்தில் ஃபாஜில் மகளுக்குக் கையசைத்தான். முடிந்தது. கடைசிக் காட்சி திரையில் அப்படியே நின்றது.

போனில் அமைதி.

அந்த ஆளுக்கு அவசரமே இல்லை. இடது கையால் ஃபாஜிலின் முடியைப் பிடித்தான். தலையைப் பின்னுக்குச் சாய்த்தான். சிரித்த முகம் சிரித்தபடியே சாய்ந்தது. அசைத்த கை அந்தரத்தில் நின்றது. கத்தி ஒரு காதடியிலிருந்து மறு காதடிக்குப் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. எலும்பில் இரும்பு உரசுவது போனில் கேட்டது. அவள் கத்தினாள். மவுஸை அடித்தாள். அம்புக்குறி எங்கெங்கோ ஓடியது. எப்படியோ கோட்டைப் பிடித்து, படத்தின் ஆரம்பத்துக்கே இழுத்துவிட்டாள்.

படம் ஓடியது. ஒரு திக்கல் இல்லை.

தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. ஃபாஜில் கழுத்து பிளந்து, சட்டையெல்லாம் சிவந்து, நாற்காலியில் நேராக உட்கார்ந்து சிரித்தான். "ஷிஃபா குட்டி," என்று உதடு அசைந்தது. சொல் வரவில்லை. பிளவிலிருந்து ரத்தம்தான் குமிழி குமிழியாக வந்தது, திரையிலும், போனில் அதே கொப்புளிப்புச் சத்தமாகவும். அவனுக்குப் பின்னால் கம்பளி மடித்து வைக்கப்பட்டிருந்தது. கட்டில் காலி.