நிலவறைப் படையல்

கதவைச் சாத்திவிட்டு மேலே வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான் தவசீலனுக்குக் கேட்டது. கீழே நிலவறைக்குள் யாரோ கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அங்கே கதிரையே கிடையாது. அரிசி மூட்டைகள், எண்ணெய்க் கான்கள், மூலையில் சீலை போர்த்திச் சாத்திவைத்த ஏதோ ஒரு பெரிய பலகை, அவ்வளவுதான்.

ஆடி அமாவாசை. மதியக் கூட்டம் கலைந்து, பாரிஸின் லா ஷப்பலில் அவன் வேலை செய்யும் உணவகத்தின் கதவு பாதி இறங்கியிருந்தது. அப்பா பூபாலசிங்கம் வன்னியில், கடைசிச் சண்டைக் காலத்தில், கஞ்சி வரிசையில் நின்று கஞ்சி கிடைக்காமலே செத்தவர். அதே நாட்களில் தவசீலன் இதே குசினியில் மிஞ்சிய சோற்றைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பாவம் அவனைத் தின்றது. படைத்தால் அவர் செத்தது உறுதியாகிவிடும் என்று இத்தனை வருடமும் தட்டிக்கழித்தவனுக்கு, இப்போதுதான் மனம் வந்தது. சோறு, பருப்பு, தேடிப்பிடித்து வாங்கிய காத்தோட்டிக்காய்க் கறி, அவருக்கு உயிரான பயற்றம் பணியாரம். எல்லாவற்றையும் இலையில் இட்டு, வேலியோரம் நிற்கும் அப்பாவின் சின்னப் படத்தை அந்தப் பலகையில் சாய்த்து, "வாங்கோ அப்பா, வயிறாறச் சாப்பிடுங்கோ" என்று அழைத்தான். வந்தவர் கூச்சமில்லாமல் உண்ணட்டும் என்று வழக்கப்படி வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

இப்போது உள்ளே சாப்பிடும் சத்தம். நிதானமான, அவசரமே இல்லாத சத்தம், இடையிடையே இரும்பு உரசுகிறது. முள்ளும் கத்தியும். அப்பா ஆயுளில் கரண்டி தொட்டதில்லை. சாம்பிராணியை மீறிக்கொண்டு தோலும் குதிரை வியர்வையும் மணத்தன, அதற்கும் அடியில் நெல் எரிகிற மணம்.

முதலாளி மகாலிங்கம் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கீழை சீலை போர்த்திக் கிடக்கிறது என்ன?"

"அதோ? அந்தத் துரையின்ரை படமடா. வடிவாய்க் கிடக்கு எண்டு சனியனை விலைக்கு வாங்கினன். சனம் முகம் சுளிக்குது, கீழை போட்டிட்டன்."

தவசீலன் அதைப் பார்த்திருக்கிறான். அந்தப் படம் கொஞ்சக் காலம் சுவரில் தொங்கியது. நின்ற கோலம், சிவப்புச் சட்டை, சப்பாத்து, காலடியில் ஒரு நாய். பிரபு வீட்டுப் பிள்ளையாம், போர்ச் சிப்பாயாம், பிறகு எங்கள் தீவுக்கே ஆளுநராம் என்று படத்தை விற்ற தியரி கதை சொல்லியிருந்தான். அந்தக் காலத்தில் வன்னியில் சனம் வெள்ளைக்காரருக்கு எதிராகக் கிளம்பியபோது துரை ஒருவரையும் சுடவில்லை. களஞ்சியங்களைக் கொளுத்தச் சொல்லிவிட்டு, புகையைப் பார்த்தபடி விருந்து உண்டான். மிச்சத்தைப் பசி பார்த்துக்கொண்டது.

அவன் மேலேயா அப்பாவைச் சாய்த்து வைத்தேன்?

படிகளில் விழுந்தடித்து இறங்கினான். தானே அணையும் விளக்கு அணைந்திருந்தது. கதவைத் தட்டினான். உள்ளே சத்தம் நின்றது.

திறந்தான். இருட்டு. சுவரைத் தடவினான். சுவிட்ச். வெளிச்சம்.

சீலை தரையில் கிடந்தது. இலையில் ஒரு பருக்கை இல்லை. அப்பாவின் படத்தில் வேலி இருந்தது. அப்பா இல்லை.

பெரிய படத்தில் துரை கதிரையில் சாய்ந்திருந்தான். உதட்டில் எண்ணெய்.

காலடியில் நாய் இல்லை. சாரம் கட்டிய ஒரு மெலிந்த கிழவர் குந்தியிருந்தார். இரண்டு கைகளையும் ஏந்தியபடி.

அவர் துரையைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.