ஒரு தடவை என்றால் ஆமாம்

லென்ஸை மாற்றிப் போட்டுவிட்டு, "இது தெளிவா இருக்காம்மா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா பதில் சொல்லவில்லை. கண்ணை ஒரே ஒரு தடவை மெதுவாக மூடித் திறந்தார்.

அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டு அடுத்த லென்ஸுக்குக் கையை நீட்டிவிட்டார். கை பாதி வழியில் நின்றது.

"வாயத் தெறந்து சொல்லுங்கம்மா."

"சொன்னேனே சார். தெளிவா இருக்குன்னு இப்பத்தானே சொன்னேன்."

அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கடையின் உள்ளறை நட்டநடுப் பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். கருப்புத் திரை, எதிர்ச்சுவரில் விளக்கு எரியும் எழுத்துப் பலகை, லென்ஸ் துடைக்கும் மருந்தின் வாடை, மூலையில் கரகரவென்று சுற்றும் சின்ன மின்விசிறி, அவ்வளவுதான் அந்த அறை. அதற்குள் ஒருவர் எச்சில் விழுங்கினாலே கேட்கும், பேசினால் கேட்காமல் எங்கே போகும். அவர் கண்ணாடியைக் கழற்றி, நாளைக்கு வரச் சொல்லி அந்த அம்மாவை அனுப்பிவைத்தார்.

ஒரு தடவை என்றால் ஆமாம். இரண்டு தடவை என்றால் இல்லை. அது கடைப் பேச்சு இல்லை, வீட்டுப் பேச்சு. மூளையின் அடித்தண்டில் ரத்தம் அடைத்துக்கொண்ட நாளிலிருந்து அவர் மனைவிக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது, வாயும் அசையாது. தொண்டையில் துளை போட்டு வென்டிலேட்டரின் குழாயைச் செருகியிருந்தார்கள். புத்தி மட்டும் பளிச்சென்று இருக்கிறது, எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது என்று டாக்டர் சொன்னார். மிச்சம் இருந்த பாஷை அந்த இரண்டு இமைகள்தான். அவையும் சொன்னபடி கேட்காமல் சில சமயம் படபடக்கும். எது சிமிட்டல், எது வெறும் துடிப்பு என்று மற்றவர்கள் குழம்புவார்கள். மகளே குழம்புவாள். அவர் மட்டும் குழம்ப மாட்டார். காலம் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்த்தே சோறு தின்றவர்.

மூச்சுக் குழாயை எடுத்துவிடலாமா என்று நோயாளியையே கேட்கச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. டாக்டரும் வக்கீலம்மாவும் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். பதில் எதுவானாலும் ஒரு வாரம் கழித்து மறுபடி வந்து கேட்பார்கள், மனசு மாறலாம் என்பதற்காக. அந்த இரண்டாவது பதில்தான் முடிவு. அந்த ஏற்பாட்டைச் செய்ததே மகள்தான்.

"அம்மா நல்லா இருக்கறப்பவே சொல்லிட்டாங்கப்பா. இப்படிக் கெடக்க மாட்டேன்னு."

"நல்லா இருக்கறப்ப யாரும் என்ன வேணா சொல்லுவாங்க. கண்ணாடியே வேண்டாம்னு அடம் பிடிக்கறவங்க, போட்டப்புறம் தூங்கறப்பகூடக் கழட்ட மாட்டேங்கறாங்க. தினம் பாக்கறேன்."

"அது கண்ணாடிப்பா. இது அம்மா."

மனைவி இல்லாத வீட்டுக்குள் சாவியைப் போட்டுத் திறந்து நுழைவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தடிமனான கண்ணாடி போட்டவர் என்பதால் அவரைக் கல்யாணமான புதிதிலிருந்தே 'சோடாபுட்டி' என்றுதான் கூப்பிடுவாள். அவளை அவர் 'மகாராணி' என்பார். படுத்துவிட்ட பிறகும் காலையில் "என்ன மகாராணி, தூங்குனீங்களா?" என்று கேட்பார். ஒரு சிமிட்டல் வரும். அது போதும் என்று இருந்தது அவருக்கு. அவளுக்கும் அது போதுமா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

டாக்டரும் வக்கீலம்மாவும் முதல் தடவை வந்த அன்று, படியேறும் சத்தம் கேட்டதும், வறண்ட கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்தை எடுத்து அவள் இரண்டு கண்ணிலும் விட்டார். வழக்கமாகப் போடுவதுதான், போடும் நேரம்தான் அது இல்லை. மருந்து விழுந்தால் இமை சிறிது நேரம் துடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வக்கீலம்மா குனிந்து கேட்டார். இமை ஒரு தடவை மூடித் திறந்தது, கூடவே படபடத்தது. எல்லாரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள்.

"ரெண்டு," என்றார். "வேண்டாங்கறா."

மகள் அவர் கையிலிருந்த மருந்துப் புட்டியைப் பார்த்தாள். அன்றிலிருந்து மனைவி அவர் எதிரில் கண்ணைத் திறப்பதே இல்லை. மகள் வந்தால் திறப்பாள். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் மூடிவிடுவாள்.

தையல்காரம்மாவை அனுப்பிவிட்டு அவர் வெளியறைக்கு வந்தார். சுவரில் கண்ணாடிக் கம்பெனி ஒட்டிவைத்த பெரிய படம், அதில் சிவப்புச் சட்டக் கண்ணாடி போட்டுச் சிரிக்கிற பெண். அவள் ஒரு பக்கமாகப் பார்த்துச் சிரிப்பாள் என்றுதான் அவருக்கு நினைவு. இப்போது நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்க்கப் பார்க்க அந்தக் காகித இமைகள், வெயிலில் உலர்ந்த தாள் சுருங்குகிற மெல்லிய சத்தத்தோடு, ஒரு தடவை இறங்கி ஏறின.

ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தார். மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் வரிசையாக நின்றவர்கள் அவர் கடந்து போனபோது ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடித் திறந்தார்கள், தூசி விழுந்த மாதிரி. பெட்டிக்கடை பல்பு அணைந்து எரிந்தது. தாய் தோளில் கிடந்த கைக்குழந்தை. எதிரே வந்த லாரியின் விளக்கு. எல்லாம் ஒரு தடவை. ஒரே ஒரு தடவை.

வீட்டுக்குள் மருந்து வாடை, ஈரத் துணி வாடை, மெஷினின் சீரான மூச்சு. மகள் சமையலறையில் இருந்தாள். அவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவியின் கண்கள் மூடியிருந்தன.

"மகாராணி," என்றார் தாழ்ந்த குரலில். "நீதானே? கடையிலயும் ரோட்லயும் வந்து வந்து சொல்றது நீதானே?"

அவள் கண் திறக்கவில்லை. தலைமாட்டில் மெஷினின் பச்சை விளக்கு, வாங்கிய நாளிலிருந்து ஒரே சீராக எரிந்துகொண்டிருந்த விளக்கு, ஒரு தடவை அணைந்து எரிந்தது.

அவருக்குப் பயம் போனது. அழுதார். "சரிம்மா. போதும். நான் பொய் சொன்னேன், தப்புதான். நாளைக்கு வர்றாங்க. நீ சொல்றத அப்படியே சொல்லிடறேன்."

அவள் மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. இமைகள் துடித்தன. நிம்மதி போலிருக்கிறது என்று நினைத்து, துண்டால் துடைத்துவிட்டார்.

அதன் பிறகு எதுவும் சிமிட்டவில்லை. காலையில் எதிர்வீட்டு மாடி விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தது. பால்காரர் மனுஷன் மாதிரி சிமிட்டினார். "தூங்குனீங்களாப்பா?" என்று மகள் கேட்டாள். "நல்லாத் தூங்கினேம்மா," என்றார், அது உண்மையும்கூட.

டாக்டரும் வக்கீலம்மாவும் வந்தார்கள். மருந்துப் புட்டியை அவர் தொடவே இல்லை. அது அலமாரியில் மூடியோடு இருந்தது.

மனைவி கண்ணைத் திறந்தாள், ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவரைப் பார்த்து. அகலமாகத் திறந்திருந்தது அந்தக் கண். அவரையே பார்த்தது.

"அம்மா, இந்தக் குழாயை எடுத்துடச் சொல்றீங்களா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

இமை இறங்கியது. ஏறியது.

காத்திருந்தால் நேற்றைய தைரியம் போய்விடும், மறுபடி பொய் வந்துவிடும் என்று அவருக்குப் பயம். உடனே சொன்னார். "ஒன்னு. ஆமான்னு சொல்றா."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். வக்கீலம்மா பார்த்தார், டாக்டர் பார்த்தார், மகள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். யாரும் கட்டிலைப் பார்க்கவில்லை. அவர் ஓரக்கண்ணில் இமை இன்னொரு தடவை அசைந்த மாதிரி இருந்தது. மருந்து போட்ட துடிப்பு என்று விட்டுவிட்டார்.

வலி தெரியாமலிருக்க ஊசி போட்டார் டாக்டர். அவள் கண் அரைவாசி மூடியது. மெஷினின் சத்தம் நின்றபோதுதான் வீட்டில் அது எவ்வளவு பெரிய சத்தமாக இருந்தது என்று தெரிந்தது. மகள் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். டாக்டர் நாடியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு கையைக் கீழே வைத்துத் தலையசைத்தார். சுவரிலிருந்து மெஷினின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தார்கள்.

"அப்பா, கண்ணை மூடி விடுங்கப்பா," என்றாள் மகள். "நீங்களே பண்ணுங்க."

அவர் குனிந்தார். உள்ளங்கையை அவள் கண்கள்மேல் வைத்தார். தோல் இன்னும் சூடாகத்தான் இருந்தது. மெதுவாகக் கீழே இறக்கினார்.

அப்போதுதான் நினைவு வந்தது. இன்றைக்கு அவர் மருந்தே போடவில்லை.

உள்ளங்கையில் ஏதோ உராய்ந்தது.

இமைமுடி.

ஒன்று. இரண்டு.

அவர் கையை எடுக்கவில்லை. அசையவில்லை. டாக்டர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மகள் போர்வையில் முகத்தைப் புதைத்திருந்தாள். "டாக்டர்" என்று கூப்பிட வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

ஒன்று. இரண்டு.

இல்லை.

ஒன்று. இரண்டு.

இல்லை, இல்லை என்று கைக்குள் அது சொல்லிக்கொண்டே இருந்தது. தலைமாட்டில் வயர் பிடுங்கிய மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. அவரைப் பார்த்து, நிதானமாக, ஒரு தடவை அணைந்து எரிந்தது.