இரண்டு நிமிடம் நாற்பது நொடி

நான்கு நாட்களாக அந்த ஆஸ்பத்திரி அறையில் யாரும் குளிக்கவில்லை. இருந்தும் சோப்பு வாசனை வந்தது.

தையற்காரியின் தலை முழுக்க ஒயர்களைப் பசை வைத்து ஒட்டி, மேலே துணிக்கட்டு போட்டிருந்தார்கள். சுவர் மூலையில் இருந்த கேமரா அவள் கொட்டாவி விடுவதைக்கூட விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மதிய வெயில் திரைச்சீலை வழியாக மங்கலாகக் கசிந்தது. பசையின் காட்டம், தரை துடைத்த மருந்தின் காட்டம், கணவன் பாதி குடித்துவிட்டு வைத்த காபியின் ஆறிய வாடை, இவை எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, குழந்தைகளுக்குப் போடும் அந்த மஞ்சள் சோப்பின் வாசனை மெல்லக் கிளம்பி வந்தது. அடிவயிற்றிலிருந்து என்னவோ எழும்பி நெஞ்சுக்கு ஏறியது. இதே வெயிலில் இதே கட்டிலில் முன்பும் படுத்திருந்தோமே என்று தோன்றியது.

வருகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"வாசனை வந்தா உடனே பட்டனை அழுத்திடுங்கம்மா, அதுக்குத்தான் கையில குடுத்திருக்கு" என்று தினமும் பாடம் நடத்துவார் மூளைப் பதிவு எடுக்கும் ஊழியர். ஒயர்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்திருந்தாள். இன்றும் அவள் அழுத்தவில்லை. அழுத்தினால் ஆட்கள் ஓடி வந்துவிடுவார்கள், மகள் போய்விடுவாள்.

மகள் இறந்து ஏழு வருடம். நாலு வயது. குளியல் தொட்டியில் உட்காரவைத்துவிட்டுத் துண்டை எடுக்கத் திரும்பினாள், கண் இமைக்கிற நேரம்தான், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னாள். அப்படித்தான் நம்பினாள். கணவன் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டியதில்லை. அதற்காகவே அவனை நினைத்துப் பல நாள் அழுதிருக்கிறாள்.

போன வருடம் கடையில் மிஷின் ஊசி விரலில் ஏறி இறங்கியதுகூடத் தெரியாமல் அவள் தைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் டாக்டரிடம் வந்தார்கள். டாக்டரம்மா படம் எடுத்துக் காட்டினார். வலது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, மூளையில், நக அளவில் ஒரு தழும்பு.

"வலிப்புன்னா கை கால் இழுக்கணும்னு இல்லம்மா. அந்த வாசனை, வயித்துல எழும்புறது, முன்னாடியே நடந்த மாதிரி தோணுறது, யாரோ பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கிறது, எல்லாமே அதோட ஆரம்பம்தான். மூணு மாத்திரைக்கும் கேக்கல. இங்க மாத்திரையை நிறுத்திட்டுப் பதிவு எடுப்போம். எல்லாம் அந்த ஒரே இடத்துலதான் ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

எடுத்துவிட்டால் மகள் எங்கே வருவாள்? வீட்டில் பல நாள் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்துத் துப்பியிருக்கிறாள். டாக்டருக்கும் தெரியாது, கணவனுக்கும் தெரியாது.

இடது தோளுக்குப் பின்னால் ஈரக் குளிர் பட்டது. அங்கேதான் நிற்பாள். முகம் காட்டியதே இல்லை. இன்றைக்காவது காட்டு கண்ணு என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

கண் இமைத்தாள். நர்ஸ் எதிரில் நின்றிருந்தார். ஒயர்காரரும் நின்றிருந்தார். கணவன் அவள் கையைப் பிடித்திருந்தான். இவர்களெல்லாம் எப்போது வந்தார்கள்?

"திரும்பி வந்துட்டீங்களா?" என்றார் ஒயர்காரர்.

"நான் எங்க போனேன், கட்டிப்போட்டுல்ல வெச்சிருக்கீங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா பதிவைப் போட்டுக்காட்ட வந்தார். கணவன் எழுந்து திரைக்கும் அவளுக்கும் நடுவில் நின்றான்.

"இத நீ பாக்க வேணாம்."

அவள் கேட்ட எதற்கும் அவன் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"தள்ளுங்க" என்றாள்.

திரையில் அவள். கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. வாய் எதையோ மென்றது. வலது கை போர்வையைப் பிய்த்தது, இடது கை முறுக்கி நின்றது. நர்ஸ் கையைத் தூக்கச் சொன்னார். திரையில் இருந்தவள் நர்ஸின் முகத்தையே பார்த்தாள். தூக்கவில்லை. கணவன் தோளைப் பிடித்துக் கூப்பிட்டான். அவனையும் பார்த்தாள். மூலையில் நொடிகள் ஓடின. முப்பது. அறுபது. நூறு. இன்னும் மென்றுகொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரம் டாக்டர்?"

"ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட். உங்களுக்கு வழக்கமா அவ்ளோதான் வருது."

"இது எப்பலேர்ந்து இருக்கு?"

"சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கலாம்மா. உங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"அன்னிக்கு நீங்க உள்ள ஓடி வந்தப்ப நான் எங்க இருந்தேன்?"

"விடேன்."

"சொல்லுங்க."

"தொட்டிகிட்டதான் நின்ன. துண்டு கையில இருந்துச்சு. பாப்பாவையே பாத்துட்டு நின்ன. அதிர்ச்சியில நிக்கிறன்னு நெனச்சேன். ஊசி ஏறின அன்னிக்குதான் எனக்குப் புரிஞ்சுது."

அவளுக்கு அழுகை வரவில்லை. டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துடுங்க. இப்பவே எடுத்துடுங்க. அதோட அந்த நாளும் போயிடுமா?"

"வலிப்பு நின்னுடும்மா" என்றார் டாக்டரம்மா. "மத்தது இருக்கும்."

அடிவயிற்றிலிருந்து மறுபடி என்னவோ எழும்பியது.

இப்போது வேண்டாம். பட்டனைத் தேடினாள். விரல் மடங்கவில்லை.

தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

எதிரில் தண்ணீர். அசைகிறது. அடியில் ஒரு முகம். ஏழு வருடமாகக் காட்டு என்று கெஞ்சிய முகம். கண்கள் திறந்திருக்கின்றன. அவளைத்தான் பார்க்கின்றன. வாய் திறக்கிறது. அம்மா என்கிறது. குமிழிகள். ஒரு சின்னக் கை மேலே நீள்கிறது. எட்டினால் பிடித்துவிடலாம்.

அவள் வாய் எதையோ மெல்லத் தொடங்கியது.

இன்னும் இரண்டு நிமிடம்.