கட்டைவிரல் அசைந்தால் போதும்

"அக்கா செத்த ரூமில் நான் ஒருநாள் படுக்கணும்" என்று கேட்டேன்.

கேட்கவே கூடாது என்று மாடம்பாக்கத்திலிருந்து கிளம்பும்போது அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். அக்காவின் சாவைப் பற்றி வாயைத் திறந்தால் பட்டுவைக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள் என்று அம்மாவுக்குப் பயம். பட்டு என் அக்கா ஜெயக்கொடியின் மகள். ஆறு வயது. செம்பாக்கம் ஏரிக்கரையில் இந்தப் பழைய ஓட்டு வீட்டில் அப்பா கேசவனோடும், அப்பாவைப் பெற்ற தாயாரம்மாளோடும் இருக்கிறாள்.

தாயாரம்மாள் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"டிகிரி படிச்சா இப்டிதான் கேக்கச் சொல்லுமா?"

"சொல்லும் அத்தை."

"பத்து மாசமா பூட்டிக் கீது. உள்ள எலி கீது."

"எலியோட படுத்துக்கறேன்."

அப்புறம்தான் நிமிர்ந்தாள். நான் ஒன்றை மட்டும் சொன்னேன். சாவி தராவிட்டால் பட்டுவை இப்போதே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவேன். பிள்ளை ஏன் இப்படிப் படுக்கிறது என்று டாக்டர் கேட்பார். அவள் அம்மா எப்படிச் செத்தாள் என்றும் கேட்பார். தாயாரம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து முறத்துப் புளிமேல் போட்டாள்.

பட்டு படுக்கிற விதத்தை அம்மா வந்து சொன்ன அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானம் ஆனால் அந்தப் பூட்டிய கதவுக்கு வெளியே மல்லாக்கப் படுத்துக்கொள்கிறாளாம். உள்ளங்கை மேலே பார்த்தபடி. உலுக்கினாலும் எழுவதில்லை. முதலில் அரைமணி. இப்போது விளக்கு வைக்கிற நேரம் வரை.

அந்தப் படுக்கை எனக்குத் தெரியும். அதை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவளே நான்தான்.

தாம்பரத்தில் நான் டைப்ரைட்டிங் போன இடத்துக்கு மேல்மாடியில் சாம்பசிவன் சார் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்தார். கனவு காணும்போதே இது கனவு என்று தெரிந்துகொள்வது எப்படி என்கிற வகுப்பு. உடம்பை விரலிலிருந்து மேலே மேலே தளர்த்தச் சொல்வார். கண்ணை மூடாதே, விட்டுவிடு என்பார். ஊறுகாய் ஜாடியில் நெல்லிக்காய் மிதக்கிற மாதிரி இமைக்குள் அது மிதக்கட்டும், எதையும் துரத்திப் பார்க்காதே. வெளியே வரணும் என்றால் பதறக்கூடாது. கால் கட்டைவிரல் அசைந்தால் போதும், உடம்பு முழுக்க விழித்துக்கொள்ளும்.

அக்கா அஞ்சாவதோடு நின்று சித்தாள் வேலைக்குப் போனாள். அதனால்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் காலேஜ் போனேன். அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் இருந்தது இது ஒன்றுதான். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று நான் அளந்தபோது அவள் கேட்டது, "நம்ம வூட்டுக்குப் போலாமா தனம்?" பொங்கலுக்கு மட்டும்தான் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்புவார்கள். பாத்திரம் கழுவி முடித்து, மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்து, அவள் தினம் கனவிலேயே மாடம்பாக்கம் வந்துபோனாள்.

பிறகு மஞ்சள்காமாலை வந்து ஈர்க்குச்சியாகப் போனாள். ஒரு மத்தியானம் எழவில்லை என்றார்கள்.

பூட்டைத் திறந்தேன். எலிப்புழுக்கை நாற்றம். அதற்கு அடியில் கற்பூரம். பத்து மாதமாகியும் கற்பூரம். அக்காவின் பாயும் போர்வையும் மூலையில் சுருட்டியபடி இருந்தன. கரண்ட் இல்லை. ஓட்டில் இருந்த ஒற்றைக் கண்ணாடி வழியாக ஒரு துண்டு வெயில் தரையில் கிடந்தது.

பாயை விரித்தபோது பட்டு வாசலில் நின்றாள்.

"சித்தி, நீயும் அவுக்கப் போறியா?"

"எதைடி?"

"அம்மா கால்ல கட்டு. நான் டெய்லி அவுக்கறேன். அவுக்க அவுக்க இன்னொரு முடிச்சு வருது." கண்ணுக்குக் கீழே அவளுக்குக் கறுத்திருந்தது. "நேத்து எனக்கு விரலெல்லாம் வலிச்சுது. இன்னும் கொஞ்ச நேரம் இருன்னாங்க அம்மா."

இன்றைக்கு நீ படுக்காதே, உட்கார்ந்திரு, வெயில் சுவரைத் தொட்டதும் என்னை எழுப்பு என்று சொன்னேன். தலையாட்டினாள்.

படுத்தேன்.

கால் விரல். கெண்டைக்கால். தொடை. வயிறு. தாடையை விட்டேன், நாக்கைக் கீழே விட்டேன். கண் மட்டும் கேட்கவில்லை. இமைக்குள் அது கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. இறுக்கினால் நிறம் நிறமாக ஓடியது. கடைசியில் விட்டேன்.

மிதந்தது.

தூரத்தில் எலக்ட்ரிக் ரயில் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. உடம்பு தரைக்குள் இறங்குகிற மாதிரி கனத்தது. இது கனவு என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அக்காவைத் தேடலாம் என்று எழப்போனேன்.

எழ முடியவில்லை.

அதே அறை. ஆனால் சாயங்கால வெளிச்சம். என்னைச் சுற்றிப் புடவைகளின் சரசரப்பு. என் மூக்குக்குக் கீழே ஒரு கை வந்தது. புளி வாசனை அடித்த கை.

"மூச்சு இல்ல" என்றது தாயாரம்மாளின் குரல்.

இருக்கிறது, இருக்கிறது என்று நான் கத்தினேன். வாய் திறக்கவில்லை. டாக்டர் என்று யாரோ சொன்னார்கள். செத்ததுக்கு எதுக்கு டாக்டர், இருட்டறதுக்குள்ள எடுக்கணும் என்று இன்னொரு குரல். தாடையைச் சுற்றித் துணி ஏறியது. நெற்றியில் ஒரு காசு, ஜில்லென்று.

பதறாதே. கட்டைவிரல்.

கட்டைவிரலை அசைத்தேன்.

அசையவில்லை.

இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பிணத்துக்குக் கட்டுகிற மாதிரி.

அசைத்தேன். அசைத்தேன். என் உயிர் முழுக்க அந்த இரண்டு விரலில் இருந்தது. முடிச்சில் சின்னச் சின்ன விரல்கள் வந்து விழுந்தன, நகத்தால் பிராண்டின. கட்டு தளர்ந்தது. பளாரென்று ஓர் அறை. குழந்தை அழுதது. மறுபடி இறுகியது, முன்னைவிட இறுக்கமாக.

யாரோ என் முகத்தின் மேல் குனிந்தார்கள். முழுக்க மூடாத இமை இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அது நான். அக்கா செத்த அன்றைக்குப் பரீட்சை ஹாலிலிருந்து ஓடிவந்த, ஹால் டிக்கெட் கையில் கசங்கிய நான். என் கண் என் இமையையே பார்த்தது. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

காதோரம், ரொம்பப் பக்கத்தில், அக்கா.

"இறுக்காத தனம். இறுக்குனா வலிக்குது."

கண் திறந்தபோது வெயில் சுவரில் பாதி ஏறியிருந்தது. பட்டு என் காலடியில் குந்தி, பல்லைக் கடித்தபடி எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். என் கட்டைவிரல்கள் இரண்டும் ஒரு வெள்ளைத் துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. யார் கட்டியது என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

"இன்னிக்கு ஆயா கிட்ட வரல. அதான் அவுந்துச்சு."

"ஆயா என்ன பண்ணுவாங்க?"

"அன்னிக்கு அவுத்தப்போ அடிச்சாங்க. எழுந்துக்கலன்னா கட்டைவிரலை இழுடின்னு அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க."

துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தாயாரம்மாள் அதைப் பார்த்தாள். புளி பிசைந்த கை அப்படியே நின்றது.

"பட்டு அன்னிக்குக் கட்டை அவுத்தாளா?"

"கொழந்த. தெரியாம அவுத்துச்சு."

"என்ன சொன்னா?"

கையை முந்தானையில் துடைத்தாள்.

"அம்மா விரல் ஆடுதுன்னுச்சு" என்றாள். "கொழந்த பேச்சுன்னு வுட்டுட்டேன்."

அவளைக் கொல்லத்தான் தோன்றியது. ஆனால் நானும் பார்த்தேன். பாடையில் வைத்த அக்காவின் இமை துடித்ததை டிகிரி படிக்கிற நான் பார்த்தேன். கற்பூரப் புகை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தனை பெரியவர்கள் நடுவில் வாயைத் திறக்க அன்றைக்கு எனக்குத் தைரியம் இல்லை.

பட்டுவின் இரண்டு கவுனைப் பையில் திணித்து, அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். கட்டு அவிழ்ந்த அந்த நொடியிலேயே அது முடிவாகிவிட்டது. இனி இவள் இந்த வீட்டில் ஒரு மத்தியானம்கூடப் படுக்கமாட்டாள்.

"கேசவன் வந்தா நான் இன்னா சொல்றது?"

"மாடம்பாக்கம் வரச் சொல்லுங்க. அக்கா செத்துட்டான்னு ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த பேப்பரோட வரச் சொல்லுங்க."

வாசற்படி இறங்கும்போது பட்டு என் தோள்மேலிருந்து பின்னால் கையாட்டினாள். யாருக்கு என்று திரும்பினேன்.

அறைக்கதவு திறந்தே கிடந்தது. நான் உதறிவிட்டு வந்த போர்வை, நான் தொடாமலே, பாய்மேல் நீளமாக விரிந்திருந்தது. அதன் கோடியில், துணிக்கு அடியில், இரண்டு கட்டைவிரல்கள் ஒன்றையொன்று உரசி அசைந்துகொண்டிருந்தன.

பட்டுவின் தலையை என் கழுத்தோடு அழுத்திக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன்.