வெற்றிடக் கலம்

அழுத்தமானியின் எண் ஏறியது, சற்று நின்றது, இறங்கியது. கசிவு என்றால் ஏறிக்கொண்டே போக வேண்டும். இது தூங்குகிறவரின் மார்பைப் போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழை திருவொற்றியூர் ஷெட்டின் தகரக் கூரையில் ஓயாமல் இரைய, எண்ணூர் சாலையில் ஊர்ந்த கண்டெய்னர் லாரிகளின் டீசல் புகையும் கடலின் உப்பு வாடையும் கதவிடுக்கு வழியே ஈரமாக உள்ளே வந்துகொண்டிருக்க, சிவந்தி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் குக்கர் அளவு எஃகுக் கலம். அதிலுள்ள காற்றையெல்லாம் பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அயனிகளை மின்புலத்தில் மிதக்கவிட்டு, லேசரால் குளிர்வித்து, வரிசையாக நிறுத்த வேண்டும். அவள் கட்ட முயலும் குவாண்டம் சிமுலேட்டருக்கு அதுதான் அடிப்படை. துளிக் காற்று இருந்தாலும் அயனிகள் அதில் மோதிச் சிதறிவிடும். இதுவரை ஒரு வரிசையும் நிலைக்கவில்லை. இந்த மாதமும் நிலைக்காவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள்.

"லாரி அதிர்வா இருக்குமா, அண்ணா?"

லோகநாதன் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். கலத்தின் இணைப்புகள் எல்லாம் அவர் கைவேலை.

"லாரி நின்னப்பகூட இது நிக்கல, மேடம். ஹீலியம் அட்ச்சுப் பாத்தாச்சு. ஓட்டையே கெடையாது."

பம்பை நிறுத்தினார்கள். எண் ஏறியது. இறங்கியது.

சிவந்தி தன்னையறியாமல் மூச்சைப் பிடித்தாள். எண்ணும் நின்றது. மூச்சை விட்டாள். இறங்கியது.

அழுத்தமானியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"தெறந்துடுங்க, அண்ணா."

"வாரக்கணக்கா சுட்டுக் காய வெச்சது. எல்லாம் வீணாப் பூடும்."

"பரவால்ல."

அவர் வால்வைத் திருகினார். விரல்கூட நுழையாத குழாய். காற்று சீறிக்கொண்டு உள்ளே போனது. அவ்வளவு சிறிய கலம் கண்ணிமைப்பதற்குள் நிறைந்துவிட வேண்டும்.

நிறையவில்லை.

சீறல் தொடர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தாள் மேசைப் பக்கம் சாய்ந்தது. கதவுத் திரை சாய்ந்தது. அவளுடைய நெற்றி முடியும்.

நீளமான, நிதானமான உள்மூச்சு.

"மூடுங்க."

வால்வு திரும்ப மறுக்க, லோகநாதன் குழாய் வாயில் கையை வைத்தார். சத்தம் நின்றது. மழை மட்டும்.

அவர் அசையவில்லை.

"அண்ணா?"

"மேடம்." குரல் வெகு தாழ்வாக வந்தது. "உள்ள யாரோ கையப் புட்ச்சுகினு கீறாங்க."

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். அந்தக் குழாய்க்குள் அவர் கை முழங்கை வரை போயிருந்தது. மெல்ல, இன்னும் போய்க்கொண்டிருந்தது.