ஓடைமேட்டுக்கு மூன்று திருப்பம்

"ஓடைமேடுன்னு ஒரு ஊர் லிஸ்ட்டிலேயே இல்லையே" என்றார் ரோஷினி.

வேல்விழி நகரவில்லை. ஜீப்பின் கதவைப் பிடித்தபடி தார்ச்சாலையிலேயே நின்றாள். அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

ஆம்புலன்ஸ் வண்டிகள் வழி தெரியாமல் அலையக்கூடாது என்று, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஊர்களைக் குறித்துக்கொண்டு போக வந்தவர் ரோஷினி. அவர் கையில் செல்போனைவிடச் சற்றுப் பெரிய ஒரு கருவி இருந்தது. ஜி.பி.எஸ். என்று அதற்குப் பெயர்.

"இருபத்திரண்டு வீடு இருக்குக்கா. போன மாசம் என் தம்பி பாண்டியைப் பாம்பு கடிச்சிருச்சு. வண்டி வழி தெரியாம ஒன்றரை மணி நேரம் சுத்துச்சு. அவன் பிழைச்சதே பெருசு. அடுத்த மாசம் எங்க அம்மாவுக்குப் பிரசவம்."

டிரைவர் தனுஷ்கோடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நாலு ஊர் பாக்கி இருக்கு தாயி."

"எங்க ஊர் அஞ்சாவதா இருக்கட்டும்ண்ணே."

தனுஷ்கோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஏறு."

வேல்விழி வழி சொல்ல, ஜீப் ஓடைமேட்டுக்கு வந்து புளியமரத்தடியில் நின்றது. கருவியின் திரையில் இரண்டு கோடுகள்தான் தெரிந்தன.

"இங்கே கிடைக்காது" என்றார் ரோஷினி. "மேலே செயற்கைக்கோள்கள் சுத்திக்கிட்டே, தான் இருக்கிற இடத்தையும் நேரத்தையும் சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரமாச்சுன்னு பார்த்து, இது தூரத்தைக் கணக்குப் போடும். திரையில ஒரு கோடுன்னா ஒரு செயற்கைக்கோள். நாலு கோடு வந்தாத்தான் நாம நிக்கிற இடம் சரியா வரும். கிளை மறைக்குது."

"அப்போ வெயில்ல நிப்போம்க்கா."

வெட்டவெளிக்கு வந்ததும் கோடுகள் ஐந்தாயின. திரையில் எண்கள் வந்தன. ரோஷினி பொத்தானை அழுத்தினார். "முடிஞ்சது. இனி எங்கே நின்னாலும் திரையில வர்ற அம்பு உங்க ஊரைக் காட்டும்."

வேல்விழிக்கு அது போதவில்லை. "ஒரு தடவை பாத்துருவோமாக்கா? தார்ச்சாலைக்குப் போய், அம்பை மட்டும் வச்சுத் திரும்பி வருவோம். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"எனக்குத்தான் இப்போ வழி தெரியுமே" என்றார் தனுஷ்கோடி.

"தெரியாத மாதிரி ஓட்டுவீகளாண்ணே?"

தார்ச்சாலைக்குப் போய்த் திரும்பினார்கள். அம்பு இடப்பக்கம் காட்டியது. அந்தப் பக்கம் ஒரு மண்பாதை பிரிந்தது. தனுஷ்கோடி திருப்பினார். பாதை கண்மாயில் போய் முடிந்தது. முன்னால் தண்ணீர். அம்பு தண்ணீருக்கு அந்தப் பக்கம் காட்டியது. குளித்துக்கொண்டிருந்த இரண்டு எருமைகள் ஜீப்பை வேடிக்கை பார்த்தன.

"இதுக்கு மேல படகுதான் வேணும்" என்றார் தனுஷ்கோடி.

"பாம்பு கடிச்ச அன்னைக்கும் வண்டி இங்கனதான் வந்து நின்னுச்சு" என்றாள் வேல்விழி.

ரோஷினி திரையையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நேர்கோட்டுலதான் காட்டும். ரோடு எங்கே போகுதுன்னு இதுக்குத் தெரியாது. ஆபீஸ்ல ஊருக்கு ஒரு புள்ளிதான் கேட்டாங்க."

"எங்க ஊருக்கு மூணே திருப்பம்க்கா. அதையும் குறிச்சிட்டா?"

ரோஷினி கருவியை அவள் கையில் கொடுத்தார். "வா, நீயே அழுத்து."

சாலையோரப் பாலம், இடிந்த பம்புசெட் அறை, தண்ணீர்த் தொட்டி. மூன்று இடத்திலும் வேல்விழி இறங்கினாள். கருவியை உயர்த்திப் பிடித்து, நான்கு கோடுகள் வரும்வரை காத்திருந்து அழுத்தினாள். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. தொட்டியருகே வெகுநேரம் மூன்று கோடுகளே நின்றன. கை வலித்தது. அவள் கையை மாற்றிப் பிடித்தாளே தவிர, இறக்கவில்லை.

ரோஷினி புள்ளிகளைக் கோத்து ஒரே வழியாக்கினார். மறுபடியும் தார்ச்சாலையிலிருந்து கிளம்பினார்கள்.

வேல்விழி உதட்டை இறுக மூடிக்கொண்டாள். பாலம் வந்தது, அம்பு திரும்பியது. பம்புசெட் வந்தது, மறுபடி திரும்பியது. தொட்டியருகே தனுஷ்கோடி வேண்டுமென்றே நேராகப் போகப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்பு வலப்பக்கம் சாய்ந்தது. அவரும் சிரித்தபடி வலப்பக்கம் திருப்பினார்.

கருவி "பீப்" என்றது. ஜீப் நின்றது.

"இதுதானே ஓடைமேடு?" என்று கேட்டார் ரோஷினி.

வேல்விழி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஆமாக்கா. இறங்கி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."